நாலாம் துண்டில் ஆளில்லை

1

“…மாட்டு மூத்திரத்துக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்லுறீங்க. இத்தனை வருசமா மண்ணுக்குள்ள கெடந்து சாட்சி சொல்லுதுன்னு சொல்லுறீங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தம்பி மறந்து போச்சு?”

அஞ்சலையக்கா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைக்காரனிடம் ‘உன்ர தராசு ஏன் ஒரு பக்கம் சரியுது?’ என்று விசாரிக்கிற மாதிரி, விபரம் அறிகிற குரலில் கேட்டா. வன்னியில், ஒட்டுசுட்டானில் இருந்து நெடுங்கேணிப் பக்கம் போகிற றோட்டில், பஸ்ஸால் இறங்கின இடத்திலேயே நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டா. அவாவின் தோளுக்குப் பின்னால் பஸ் எழுப்பின புழுதி இன்னும் அடங்கவில்லை. அங்கே உச்சி மத்தியானம். இங்கே நோர்வேயில் காலை ஏழரை, இருட்டு விலகவில்லை. நான் வேலை செய்கிற ஆய்வுகூடத்தின் பின்கதவடியில், சப்பாத்துக்குள் பனி போக, நின்றுகொண்டிருந்தேன்.

நான் சொன்ன பதிலை எழுத முன்னம், அவா ஏன் அப்படிக் கேட்டா என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லவேண்டும். உங்களில் பாதிப்பேருக்கு நான் ‘வெளிநாட்டில் மண் ஆராய்ச்சி செய்கிறவர்’. போன வருடம் வெள்ளைக்காரரோடு வந்தபோது கோயிலில் எனக்கு மாலை போட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். வாடுமுன்னம் கழற்றவேண்டிய மாலை அது. வாடின பிறகு கழற்றுகிறேன்.

2

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஓ.எல். சோதினை எழுத இருந்த வருடம், பதினாறு வயதில், சண்டையால் நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் என்னை வாசலில் கண்டதில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் முதலில் நிலம் துடைத்தேன். நாலு வருடம் துடைத்த பிறகு ஒரு நாள், மேசையடியில் சிந்திக் கிடந்த மண்ணைக் கூட்டி அள்ளாமல், விரலால் தேய்த்து மணந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கிரிட் கண்டுவிட்டா. இங்கிரிட்தான் இந்த ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியை. “என்ன செய்கிறாய்?” என்றா. ‘நான் மண்ணோடு வளர்ந்தவன்’ என்று சொல்ல வெளிக்கிட்டேன். அவர்களின் மொழியில் மனிதர் வளர ஒரு சொல், புல் வளர வேறொரு சொல். நான் புல்லின் சொல்லைப் போட்டுவிட்டேன். அவா சிரிக்காமல், “அப்ப இது எங்கே வெட்டின மண், சொல் பார்ப்போம்” என்றா. “ஊர் தெரியாது. மழை கனக்கப் பெய்கிற இடம். சத்தெல்லாம் கழுவுப்பட்ட மண்” என்றேன். அது கொங்கோ காட்டு மண். அடுத்த மாதம் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு வெள்ளை மேலங்கி தந்தா.

பதினொரு வருடமாக இதுதான் வேலை. கொங்கோ, போர்ணியோ, அமேசன் என்று மழைக்காடுகளின் மண் பைகளில் வரும். அந்த மண்ணில் நைதரசன் எப்படிச் சுற்றி வருகிறது என்று அளக்கிறார்கள். இலை விழும், உக்கும், கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் அதைத் தின்னும், நைதரசன் மண்ணுக்கு வரும், வேர் குடிக்கும், மிச்சம் மழைத் தண்ணியோடு கீழே போகும் அல்லது வாயுவாகி மேலே போகும். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. மண்ணின் ஒரு பங்கை உப்புத் தண்ணியில் குலுக்கி வடித்து உடனே அளப்போம். அதே மண்ணின் மற்றப் பங்கைப் பொலித்தீன் பையில் கட்டி, வெட்டின குழிக்குள்ளேயே ஒரு மாதம் தாட்டுவைத்து எடுத்து அளப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சீவன்கள் ஒரு மாதத்தில் செய்த வேலை.

எங்கட ஐயா சொல்லுவார், “உரம் போட்டவன் வயலைப் பாப்பான், போடாதவன் வானத்தைப் பாப்பான்” என்று. இதை இங்கிரிட்டிடம் சொல்லி, “காட்டுக்கு ஒருத்தரும் உரம் போடுவதில்லையே, அப்ப காடு எதைப் பார்க்கும்?” என்று கேட்டேன். அவா அதை எழுதிச் சுவரில் ஒட்டினா. என்னிடம் படிப்பு இல்லை. நாலு பேர் சொன்ன கதை இருக்கிறது. அதை வைத்துத்தான் இவ்வளவு காலமும் சமாளிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மூத்திரக் கதை விளங்காது. நைதரசனில் இரண்டு வகை உண்டு. ஒன்று இலேசு, மற்றது ஒரு துளி பாரம். மாடு கட்டுகிற இடத்தில் மூத்திரம் காயும்போது மூக்கைக் குத்துகிற நெடி இருக்கிறதல்லவா, அந்த நெடியோடு இலேசானது எழும்பிப் பறந்துவிடும். பாரமானது மண்ணில் தங்கும். மாடு போய், பட்டி போய், மேலே காடு முளைத்தாலும் அந்தப் பாரம் கனகாலம் அங்கேயே கிடக்கும். மெசின் அதைக் காட்டித்தரும். என்னோடு வேலை செய்கிற எரித்திரியாக்காரனுக்கு இதை விளங்கப்படுத்தினபோது, “ஓடக்கூடியவன் ஓடிட்டான், ஏலாதவன் ஊரில கிடந்திட்டான், அவ்வளவுதான்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனும் ஓடி வந்தவன்.

3

மழைக்காட்டு மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க, மழை குறைந்த ஒரு வெப்பநாட்டுக் காடு வேண்டும் என்று இங்கிரிட் சொன்னா. “எங்கட ஊரில் இருக்கு” என்றேன். அதில்தான் எல்லாம் தொடங்கியது.

போன வருடம் ஆவணியில் வந்தோம். இங்கிரிட், இரண்டு மாணவர்கள், நான். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த றோட்டில் கால் வைத்தேன். அகதியாகப் போனவன் அதிகாரி மாதிரி வந்து இறங்கினேன். ஒட்டுசுட்டானுக்கு அங்கால், எங்கள் பழைய வயலுக்குப் பின்புறக் காட்டில், ஆறு துண்டு நிலம் தெரிவுசெய்து கயிறு கட்டினோம். ஏனென்றால் அந்தக் காடு எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தேன்.

நாங்கள் குழி வெட்டுவதைக் கண்டு சைக்கிளில் போன ஒரு மனிசன் இறங்கி நின்றார்.

“தம்பி, ஏதும் தட்டுப்பட்டதே?”

“இல்லையண்ணை, நாங்கள் காணாமல்போன சனத்தின்ர எலும்பு தேடுற ஆக்களில்லை. மண்தான் பாக்கிறம்.”

“ஓம், ஓம். மண்தான்” என்றார். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, நாங்கள் கடைசிக் குழியை மூடும் வரைக்கும் போகாமல் நின்றார். அவர் யார் என்று இங்கிரிட் கேட்டா. “சும்மா புதினம் பார்க்கிறார்” என்றேன். இருபத்தெட்டு வருடம் வெளியில் இருந்தவனுக்கு அது புதினமாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படிவம். அந்த நிலம் முந்தி எப்படி இருந்தது என்று அதில் நிரப்பவேண்டும். நாலாம் துண்டில், ஒரு பெரிய வீரை மரத்துக்குக் கீழே, இங்கிரிட் பென்சிலோடு இருந்து என்னைக் கேட்டா.

“இங்கே முன்பு யாராவது குடியிருந்தார்களா?”

“இல்லை.”

“பயிர்?”

“இல்லை.”

“கால்நடை?”

“இல்லை. இது காடு.”

“பெரிய மரம் நாலைந்துதான் நிற்கிறது. மற்றதெல்லாம் இளசாக இருக்கிறதே?”

“சண்டையிலை செல் விழுந்து எரிஞ்சிருக்கும். பிறகு முளைச்சது.”

ஒரு மாணவன் இலைச் சருகுக்குள் இருந்து அலுமினியப் பானைமூடி ஒன்றை எடுத்துக் காட்டினான். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. “இடம்பெயர்ந்த சனம் போட்டிட்டுப் போனது. வன்னியில் எந்தக் காட்டுக்குள்ளும் பானைமூடி கிடக்கும்.” அது உண்மையும்தான். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

படிவத்தின் அடியில் ‘உள்ளூர்த் தகவல் தந்தவர்’ என்று ஒரு வரி. அதில் என் பெயரை வடிவாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆராய்ச்சிக்கு அனுமதி தந்த வன இலாகாக் கந்தோருக்கு அறிக்கையின் ஒரு பிரதி கொடுக்கவேண்டும் என்பது விதி. கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறினோம்.

4

தை மாதம் இங்கே மண்ணை அரைத்து, ஒரு பயறு அளவான தகரக் கிண்ணிகளில் நிறுத்து, மெசினுக்கு வைத்தேன். ஐந்து துண்டின் கணக்கும் ஒன்றையொன்று ஒத்து வந்தது. நாலாம் துண்டில் கிழக்கு மூலை மட்டும் ஒவ்வவில்லை. பாரமான நைதரசன் கூட. நைத்திரேற்று என்கிற நைதரசன் உப்பு மற்ற இடங்களைவிட எத்தனையோ மடங்கு கூட.

“நிறுத்ததில் பிழை” என்றா இங்கிரிட். திரும்ப நிறுத்தேன். அதே கணக்கு. “பை மாறியிருக்கும்” என்றா. பையைப் பார்த்தோம், மாறவில்லை. மூன்றாம் தரமும் நிறுத்தேன். அதே கணக்கு. பிழை மண்ணில் இல்லை, தராசில் இல்லை என்றால், மிஞ்சி இருக்கிற இடம் ஒன்றுதான், நான் கையெழுத்து வைத்த படிவம்.

காய்ந்து அரைபட்ட மண்ணுக்கு மணம் இருக்காது. ஆனால் தராசுக்கு முன்னால் இருந்த எனக்குப் புகை மணந்தது. நுளம்புக்கும் இலையானுக்கும் பச்சை இலை போட்டு மூட்டுகிற புகை. பட்டிப் புகை.

5

எனக்குப் பதினாலு வயது. எங்கள் நாகு ஒன்று, இன்னும் கன்று போடாத இளம் பசு, காணாமல் போய், தேடிக்கொண்டு வயலுக்குப் பின்புறக் காட்டுக்குள் போனேன். கொஞ்சம் நடக்கப் புகை. புகைக்குள்ளே கொப்புகளை நட்டுக் கட்டின அலம்பல் வேலி போட்ட பட்டி, அதற்குள் முப்பது நாற்பது மாடு. பக்கத்தில் மண்வீடு, கிணறு, கச்சான் கடலை காயப் போட்ட சாக்கு. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தா. எங்கள் வயலுக்கு நாற்று நட வரும் அஞ்சலை.

“யாரு, ஐயா வீட்டுச் சின்னவரா? ஒங்க நாகுதானா அது? நேத்து அந்திக்கே வந்து நின்னுச்சு. நரி கடிச்சிரும்னு உள்ள கட்டி வச்சேன். இருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க, வெயிலு.”

எங்கள் வீட்டில் அவாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறது சிரட்டையில். அவா எனக்கு மோர் தந்தது தன் வீட்டில் இருந்த ஒரே செம்பில். வாங்கினேன். அவா நாகுவை அவிழ்க்கத் திரும்பின நேரம் அதை வேலியடியில் ஊற்றினேன். பிறகு செம்பைத் திருப்பிக் கொடுத்து, வாயைத் துடைத்துக் காட்டினேன்.

வீட்டுக்கு வர ஐயா கேட்டார், “எங்கையடா கண்டனி?”

“காட்டுக்குள்ளை.”

“காட்டுக்குள்ளையோ? நல்லகாலம் நரி பிடிக்கேல்லை.”

இவ்வளவுதான். நரி பிடிக்காமல் விட்டது காலத்தின் புண்ணியமாகிவிட்டது.

எங்கட சனம் யாழ்ப்பாணத்தில் இருந்து, அரசாங்கம் குளத்தடியில் காணி கொடுத்த குடியேற்றத்துக்கு வந்த சனம். காணிக்கு இலக்கம் இருந்தது, பேர்மிற் இருந்தது. அஞ்சலையக்காவின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து உடுத்த துணியோடு ஓடிவந்து, காடு வெட்டி இருந்த சனம். காணிக்கு ஒரு கடதாசியும் இல்லை. எங்கள் வயல் முடிகிற வரம்போடு ஊர் முடிந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் கதை. நடவு என்றால், “காட்டுப் பக்கத்தாலை பத்துப் பேரைக் கூப்பிடு” என்பார் ஐயா. பத்துப் பேர் வருவார்கள், நடுவார்கள், போவார்கள். அவர்கள் எங்கே இருந்து வருகிறார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை. மழை எங்கே இருந்து வருகிறது என்று யோசிக்கிறோமா? என்னைவிடப் பதினாலு வயது மூத்த மனிசியை நான் ஒரு நாளும் அக்கா போட்டுக் கூப்பிட்டதில்லை. ‘அஞ்சலை, இஞ்சை வா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

வீரை மரத்துக்குக் கீழே இங்கிரிட் என்னைக் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ‘யாராவது குடியிருந்தார்களா?’ என்று என் மனதுக்குள் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எதுவென்று தெரிந்திருக்கும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

6

கணக்கு வந்த அடுத்த கிழமை, புதுக்குடியிருப்பில் இருக்கிற என் தங்கச்சி போன் எடுத்தாள்.

“அண்ணை, நீங்கள் எழுதிக் குடுத்திட்டுப் போன ஏதோ றிப்போட்டாலை அஞ்சலையின்ர காணி போகப்போகுதாம். உண்மையோ?”

சண்டை முடிந்து வவுனியா முகாமில் இருந்து சனத்தை விட்டபோது, அந்தப் பக்கம் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்று அஞ்சலையக்காவைக் காணிக்குப் போக விடவில்லை. மகளின் மாமியார் வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டா. வெடி எடுத்து முடிய, காணி காடாகிவிட்டது. பிறகு வன இலாகாவின் எல்லைக்கல் வந்தது. கல்லுக்கு உள்ளே முழுக்கக் காடு, யாரும் போகக்கூடாது. அடுத்த காணிக்காரர் கறுப்பையா தன் பழைய கிணற்றைப் பார்க்கப் போய் ஒரு கொப்பு வெட்டினார் என்று வழக்கு. தவணை தவணையாக முல்லைத்தீவுக்கு அலைந்து, அலைச்சலிலேயே படுத்தவர் இன்னும் எழும்பவில்லை.

காணி தன்னுடையது என்கிறவர்களுக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். அஞ்சலையக்காவின் கையில் கடதாசி இல்லை. பங்கீட்டு அட்டை மாதிரி இருந்த இரண்டொன்றும் சண்டையின் கடைசி நாட்களில் பங்கருக்குள் போய்விட்டது. வாய்மொழியாகச் சொன்னா, கிணறு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. கந்தோரில் இருந்தவர் எங்கள் அறிக்கையை எடுத்து வாசித்தாராம்: ‘நாலாம் துண்டு. ஆள் குடியிருந்ததில்லை. பயிர் செய்யப்படவில்லை. கால்நடை இல்லை.’ கீழே இருந்த என் பெயரையும் வாசித்து, “இந்த ஆளைத் தெரியுமா?” என்று கேட்டாராம்.

அதைப் பிறகு அஞ்சலையக்காவே எனக்குச் சொன்னா. “தெரியும்னு சொன்னேன் தம்பி. ஐயாவோட மகன், பொய் சொல்லமாட்டாரு, அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்னேன். அப்புறமாத்தான் அந்த நாலாம் துண்டுன்னா என் வீடுன்னு வெளங்குச்சு.”

பிழையைத் திருத்தி ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று இங்கிரிட்டிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மோரைத் தவிர. அவா கேட்டுவிட்டு, “மண் சொன்னதை எழுதுகிறேன். நீ சொல்லாததை நீயே எழுது” என்றா.

என்னுடையதை மகள் நிலாதான் ஒழுங்காக அடித்துத் தந்தாள். பத்தொன்பது வயது. தமிழ் விளங்கும், பதில் நோர்வீஜியத்தில் வரும். மகன் அந்தப் பக்கமே வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு விளையாட்டில் இருந்தான்.

“ஒருவருமே இல்லை என்று ஏன் சொன்னீங்கள்?” என்று கேட்டாள் நிலா, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்ப எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது, பிள்ளை.”

“உங்கட ஆட்கள் தங்களுக்கு நடந்ததை உலகம் காணவில்லை என்று ஒவ்வொரு வருடமும் கொடி பிடிக்கினம்.”

அவள் ‘எங்கட ஆட்கள்’ என்று சொல்லாததை நான் கவனித்தேன். திருத்துகிற தகுதி அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. “கால்நடை அடைக்கிற இடத்துக்குத் தமிழில் என்ன?” என்றாள். “பட்டி” என்றேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

இங்கிரிட் கடிதத்தில் கணினியால் கையெழுத்து வைத்து அனுப்பினா. சீல் இல்லாத கடிதம் செல்லாது என்று பதில் வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் சீல் என்று ஒரு சாமானே இல்லை. இங்கிரிட் முழுக் கட்டிடமும் விசாரித்து, கடைசியில் கடையில் சொல்லி ஒரு றப்பர் சீல் வெட்டுவித்தா. வட்டமாக, நடுவில் ஒரு இலையோடு. கடதாசி கடதாசியாகக் குத்திப் பார்த்து, “உன்ர நாட்டில் இதைத்தான் நம்புவார்களா?” என்றா. “சொல்லுக்குச் சாட்சி வேணும், சீலுக்குச் சாட்சி வேண்டாம்” என்றேன். தபாலில் போட்டோம். சிங்களத்திலும் வேண்டும் என்று திருப்பினார்கள். அதையும் செய்து போட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை அஞ்சலையக்காவை முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். தங்கச்சியும் கூடப் போனாள். அங்கே சொன்னதை அவள் எனக்கு வரி வரியாக அனுப்பினாள். விசாரணைத் தவணை முடிந்து கடிதம் பிந்தி வந்தது. பிந்தாமல் வந்திருந்தாலும், மாடு நின்ற அடையாளம் மனிதர் குடியிருந்ததற்கு அத்தாட்சி ஆகாது. காட்டுக்குள்ளும் மாடு படுக்கும். மற்றக் கடிதம் இன்னார், அதாவது நான், எழுதியது. முதலில் ஆளில்லை என்று கையெழுத்து வைத்தவர் இப்போது ஆளிருந்தது என்று கையெழுத்து வைக்கிறார். இரண்டு வாய் உள்ளவரின் சாட்சியத்தை ஏற்க முடியாது.

கந்தோரில் இருந்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த கடதாசியை அவர் வாசித்தார். அந்தக் கடதாசியை அவர் கையில் கொடுத்தவன் நான்.

7

தங்கச்சி புதுக்குடியிருப்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அஞ்சலையக்கா தனியே மற்றப் பஸ்ஸில் வந்து, தன் பழைய காணிக்கு நேரே இறங்கினா. ஏன் அங்கே இறங்கினா என்று நான் கேட்கவில்லை. வீடியோவில் அவாவின் முகம் தெரிந்தவுடனே கதைக்கத் தொடங்கினது நான்தான். கதைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது, அது என் வியாதி. அக்கா, இது முடிவில்லை, மேலிடத்துக்குப் போடலாம், மண் பொய் சொல்லாது, உங்கட பட்டியின்ர மூத்திரம் இன்னும் அந்த மூலையில் கிடக்கு, மெசின் மூன்று தரம் காட்டினது, அதை ஒருத்தராலும் அழிக்க ஏலாது என்று அடுக்கிக்கொண்டு போனேன். அப்போதுதான் அவா இடைமறித்து, இந்தக் குறிப்பின் தலையில் நான் எழுதியிருக்கிற கேள்வியைக் கேட்டா.

எப்படி மறந்து போச்சு?

எனக்குத் தெரிந்த பழமொழி எல்லாவற்றையும் தேடினேன். ஐயா சொன்னது, அம்மா சொன்னது, முகாமில் கேட்டது, பிளேனில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது. ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

“மறக்கேல்லையக்கா” என்றேன். “உங்களை நாங்கள் ஆளாக எண்ணேல்லை.”

பனிக்குள் நின்று தமிழில் சொன்னேன். பக்கத்தால் போன மாணவி ஒருத்தி காலை வணக்கம் சொன்னாள். நானும் வணக்கம் சொன்னேன்.

அஞ்சலையக்கா போனைக் கிட்டப் பிடித்து என் முகத்தைப் பார்த்தா. அழவில்லை. தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டினா, கனநாளாகத் தெரிந்த ஒன்றை மற்றவர் வாயால் கேட்கிற மாதிரி.

“இப்பவாச்சும் சொன்னீங்களே” என்றா. “பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

“ஓமக்கா.”

“சரி.”

போனை இடது கைக்கு மாற்றினா. தோளில் தொங்கின பையை நிலத்தில் வைத்துக் குனிந்து, பேப்பரில் சுற்றின ஒன்றை வெளியே எடுத்தா. பேப்பரைப் பிரித்தா. காட்டுக்கத்தி. வாய் வெள்ளையாக மின்னியது. அன்று காலை, முடிவு கேட்க முன்னமே, ஒட்டுசுட்டானில் கொல்லனிடம் கொடுத்துத் தீட்டி எடுத்திருக்கிறா என்று பிறகு அறிந்தேன்.

“அக்கா, வேண்டாம். கறுப்பையாண்ணைக்குப் போட்ட மாதிரி உங்களுக்கும் வழக்குப் போடுவினம்.”

அவா பேப்பரை நாலாய் மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தா. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினா. எதிர்ப்பக்கம் சீமெந்து எல்லைக்கல் ஒன்று, இலக்கம் போட்டு, இடுப்பளவுக்கு நின்றது. அதற்கு அங்கால் இலந்தையும் ஈச்சம் பற்றையும் ஆளுயரத்துக்கு அடைத்துக் கிடந்தது. றோட்டைக் கடந்தா. “அக்கா, நில்லுங்கோ, நான் வாறன், நான் ஊருக்கு வாறன், வந்து நேரில் சொல்லுறன்” என்று நான் கத்தினது அவாவுக்குக் கேட்டிருக்கும். காது நல்லாகக் கேட்கும் மனிசிதான்.

அவா தொடர்பைத் துண்டிக்கவில்லை. போனை, முகம் வானத்தைப் பார்க்க, எல்லைக்கல்லின் தலையில் பக்குவமாக வைத்தா. எனக்கு வானம் மட்டும் தெரிய, கல்லுக்கு அங்கால், கிணறு இருந்த பக்கமாக, அவா வெட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.